ஓடிப் போய் ஒரு வேலை: திருகோணமலையில் ஓட்டக் குழுவையும் சிரமதானத்தையும் ஒன்றாக நடத்துவது எப்படி?

சிரமதானம் என்றால் திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் காலை, ஐம்பது அறுபது பேர், மண்வெட்டி, பதாகை, மதியம் சோற்றுப் பார்சல். இரண்டு கிழமை கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பொலித்தீன் திரும்பி வந்திருக்கும், ஆட்கள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

ஓடுகிறவர்களிடம் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு கிழமையும் வருகிறார்கள். மழை தூறினாலும் வருகிறார்கள், ஒருவர் வராவிட்டால் "ஏன் வரேல்லை?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் ஓடி முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கிழமைக்குக் கிழமை வருகிற அந்தப் பழக்கத்தில் ஊர் வேலையைக் கட்டிவிட்டால் சிரமதானத்தின் பெரிய குறை தீரும் என்பதுதான் என் நம்பிக்கை. எங்கள் சின்னக் குழுவில் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டனில் குட்ஜிம் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் கூட்டமாக ஓடிப் போய் ஒரு பொது வேலையைச் செய்துவிட்டு ஓடியே திரும்புவார்கள், தனியாக வாழும் முதியவர்களையும் ஓடிப் போய்ப் பார்த்து வருவார்கள். சுவீடனில் 2016 அளவில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதை ஆரம்பித்து வைத்தார். அதற்குப் பிளொக்கிங் என்று பெயர் வந்தது. நமக்கு 1958ஆம் ஆண்டிலிருந்தே சொந்த முதல் இருக்கிறது: கொழும்பில் ஆசிரியராக இருந்த ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைப் பின்தங்கிய கிராமம் ஒன்றுக்கு அழைத்துப் போய் உடலுழைப்பில் இறக்கிய ஆண்டு அது. சர்வோதய இயக்கமும் இன்று நாம் சொல்லும் சிரமதானமும் அங்கிருந்துதான் வளர்ந்தன. ஆகவே புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. இருப்பதோடு சப்பாத்தைச் சேர்த்தால் போதும்.

முதலில் வேலை, பிறகு ஆட்கள்

பெரும்பாலானோர் ஓட்டக் குழுவை அமைத்து, வட்ஸ்அப்பில் ஐம்பது பேரைச் சேர்த்து, ரீசேர்ட்டும் அடித்த பிறகுதான் "இனி என்ன செய்யலாம்?" என்று யோசிப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு வேலை கைக்குக் கிடைத்த பிறகே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

வேலையை எங்கே விசாரிப்பது? கிராம உத்தியோகத்தர், சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், முதியோர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் சபை, தேவாலயம், பாடசாலை அதிபர். இவ்வளவு பேரிடமும் ஓட வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாக ஓடும் பாதையில் உள்ள இரண்டு பேரைப் பிடித்தால் போதும். என் அனுபவத்தில் சந்தியிலுள்ள தேத்தண்ணீர்க் கடைக்காரரும் நல்ல ஆள். எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, எந்த அம்மா தனியாக இருக்கிறார், எந்த முன்பள்ளி வேலி விழுந்து கிடக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஏன் விசாரிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் கிடைத்தது ஒரு கடற்கரையில். ஆரம்ப நாட்களில் யாரிடமும் கேட்காமல், கண்ணுக்குப் பட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மணலில் அரைவாசி புதைந்து கிடந்த ஒரு வலைக் குவியலை நாலு பேர் சேர்ந்து இழுத்து, உதறி, சாக்கில் திணித்துக் கட்டினோம். பெரிய வேலை முடித்த மகிழ்ச்சியில் நின்றபோது மீன்வாடியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. சாக்கின் கட்டை அவிழ்த்து, வலையின் மேற்கயிற்றைப் பிடித்து இழுத்து, அதில் கோர்த்திருந்த மிதப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். "தம்பி, வலை கிழிஞ்சதுதான். கட்டை நல்லது, கயிறும் நல்லது. இதைக் கடையில வாங்கப்போனா என்ன விலை தெரியுமோ?" என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டு வலையைத் திரும்பவும் அவர் சொன்ன இடத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். அப்புறம் அவரே எங்களோடு நடந்து வந்து எது குப்பை, எது தொழில் சாமான் என்று காட்டிக் கொடுத்தார். அந்த ஒரு நடையில் படித்தது எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து எந்த வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பும் நாலு கேள்விகளைக் கேட்கிறோம். இந்த வேலை யாருக்கு வேண்டும்? அவர்களில் ஒருவராவது அந்த நேரம் அங்கே நிற்பாரா? 40 நிமிடத்தில் ஒரு பங்காவது முடியுமா? இது யாருடைய நாட்கூலியையும் பறிக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியமானது. கூலிக்கு ஆள் பிடித்துச் செய்கிற காணி துப்புரவை இலவசமாகச் செய்து கொடுத்தால், அந்தக் கூலியை நம்பியிருந்த ஒருவரின் அன்றைய வருமானம் போய்விடும். அந்த மாதிரி வேலைக்கு நாங்கள் போவதில்லை.

சாக்கு எங்கே போகும்?

அள்ளும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு சாக்கு நிரப்பி, வரிசையாகக் கட்டிக் கடற்கரையோரம் வைத்துவிட்டு வந்தோம். வண்டி வரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம், யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. மாலையில் அந்தப் பக்கம் போன ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். நாயும் காகமும் கிழித்து, காற்று தூக்கி, காலையில் இருந்ததைவிட மோசமாகக் கிடந்தது.

இப்போது நடைமுறை இதுதான். எந்த உள்ளூராட்சி சபையின் எல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்துக்கு ஒரு சபை, உப்புவெளிப் பக்கத்துக்கு வேறு சபை, கிண்ணியா, மூதூருக்கு வேறு வேறு. குறைந்தது மூன்று நாள் முன்பு அங்கே போய், எந்த இடத்தில், எத்தனை சாக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். சின்னக் கடிதம் ஒன்று கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் நல்லது. அன்று வண்டி வராது என்றால் அள்ளும் வேலையை வேறு நாளுக்கு மாற்றி, அன்றைக்கு வேறு வேலைக்குப் போங்கள். போத்தல்களைத் தனியாகப் பிரித்து வைத்தால் பழைய சாமான் எடுப்பவர்களே வந்து ஏற்றிக்கொள்வார்கள். கரையில் வைத்துக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது.

பெரிய அளவில் கடற்கரை வேலை என்றால் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் தெரியப்படுத்துங்கள். செப்டெம்பரின் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கரையோரத் துப்புரவு நாளாக நடக்கிறது. அன்று மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

குழு: கடைசியாக வருபவரின் வேகம்

ஆரம்பிக்க ஆறு பேர் போதும். பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் இரண்டு அணியாகப் பிரியுங்கள். குறுகலான வீதியில் இருபது பேர் ஒன்றாக ஓடினால் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் இடைஞ்சல், ஓடுகிறவருக்கும் ஆபத்து.

ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். பின்னால் வருபவருக்குத்தான் பொறுப்பு அதிகம். மூச்சு வாங்குகிறவர், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தவர், புதிதாக வந்து வெட்கப்படுகிறவர், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியவர் அவர்தான். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிகிற வேகமே சரியான வேகம். புதியவர்களுக்கு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போனால் 2 கிலோமீற்றர் யாருக்கும் முடியும். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர் இருந்தால், அவர் முன்னே போய்த் திரும்பி வந்து குழுவோடு சேர்ந்து மறுபடியும் ஓடட்டும். அவருக்குத் தூரம் கூடும், மற்றவர்களுக்கு மனம் நோகாது.

ஓட முடியாதவருக்கும் இடம் வையுங்கள். எங்கள் குழுவில் முழங்கால் பிரச்சினையுள்ள ஓர் அண்ணா இருக்கிறார். சாமான்களைச் சைக்கிள் கரியரில் கட்டி, எங்களுக்கு முன்பே இடத்துக்குப் போய், அங்குள்ளவர்களோடு கதைத்து வேலையைப் பிரித்து வைத்திருப்பார். அவர் வராத நாளில் வேலை பாதிதான் நடக்கும்.

பெண்கள் வர வேண்டுமென்றால் வெறுமனே "எல்லோரும் வரலாம்" என்று எழுதிப் போட்டால் போதாது. விடியாத நேரத்தில் எந்தச் சந்தியில் யாரோடு நிற்பது என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. இரண்டு பெண்களாவது பொறுப்பாளர்களாக இருக்கட்டும். வீட்டு வாசலிலிருந்து சேரும் இடம் வரை சோடியாக வரும் ஒழுங்கைச் செய்யுங்கள். தொடங்கும் நேரத்தை வெளிச்சம் வந்த பிறகு வையுங்கள். எந்த உடுப்பில் ஓடுவது என்பது அவரவர் விருப்பம், அதைப்பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

மூன்று சமூகத்தவரும் வாழும் ஊர் இது. அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். நோன்பு மாதத்தில் காலை ஓட்டத்தைக் குறைத்து, இருந்து செய்கிற இலகுவான வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நோன்பு திறந்த பிறகு இரவு நடையாக வையுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் போகிறவர்கள், ரியூசனுக்கு ஓடும் பிள்ளைகள், இவர்களையும் கேட்டு நாளை முடிவு செய்யுங்கள். ஒரு முறை முடிவு செய்தால் ஆறு மாதத்துக்கு நாளையும் நேரத்தையும் மாற்ற வேண்டாம்.

பாதையும் காற்றும்

ஒரு வழி 2 முதல் 3 கிலோமீற்றர் போதும். போய் 20 நிமிடம், வேலை 40 நிமிடம், திரும்பி 20 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த கிழமையும் வருவார்கள். ஏகாம்பரம் மைதானத்தில் கூடி உட்துறைமுக வீதிப் பக்கம் போவது, நகரக் கடற்கரையிலிருந்து டச்பே பக்கம் திரும்புவது, உவர்மலை ஏற்றத்தில் ஏறி இறங்குவது எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கும். உப்புவெளி வரை போய் வந்தால் 10 கிலோமீற்றரை எட்டும். முதல் மாதத்தில் அது வேண்டாம். கன்னியா, நிலாவெளி எல்லாம் பஸ்ஸில் போய் இறங்கி அங்கே ஓட வேண்டிய இடங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரெட்ரிக் கோட்டைக்கு ஊடாகப் போகிறது. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழி உண்டு. கூட்டமாகச் சாக்கும் கையுமாக ஓடிப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் புள்ளிமான்கள் சாப்பாட்டு வாசனையுள்ள பொலித்தீனைத் தின்றுவிடும். வயிற்றில் அது செரிக்காது. ஆகவே அந்தப் பாதையில் சின்னச் சின்னப் பைகளைப் பொறுக்குவதே பெரிய வேலை. மான்களைத் துரத்தாதீர்கள், தீனி போடவும் வேண்டாம்.

மே, ஜூனில் 5.50க்கு முன்பே சூரியன் எழும்பிவிடும். ஜனவரியில் 6.20 தாண்டும். ஆண்டு முழுவதும் ஒரே நேரம் வைத்தால் பாதி நாள் இருட்டில் ஓட வேண்டிவரும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும், காய்ந்த அனல். வியர்வை உடனே உலர்ந்துபோவதால் உடம்பில் நீர் குறைவது தெரியவே தெரியாது. அந்த மாதங்களில் ஏழரைக்குள் எல்லாம் முடிய வேண்டும். தண்ணீர்ப் போத்தலைத் தவிர இரண்டு ஜீவனிப் பக்கற்றும் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) சைக்கிளில் இருக்கட்டும். தலைச்சுற்று, நடுக்கம், வியர்வை நின்றுபோய்த் தோல் சுடுதல், பேச்சுக் குளறுதல் கண்டால் நிழலில் படுக்கவைத்து, தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மாரியில் கடல் கொந்தளிப்பு. நவம்பர், டிசம்பரில் அலையோரமாக ஓட வேண்டாம்.

தெருநாய் கூட்டமாக வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடினால் துரத்தும். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயம் சின்னது என்று விட்டுவிடக்கூடாது.

சாமான்

இதற்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். யூரியா வந்த வெறும் உரப்பைகள் கடையில் கிடைக்கும், கழுவிக் காயவைத்தால் பல மாதம் உழைக்கும். மணல் கொட்டிப்போக அடியில் நாலு துளை போடுங்கள். இறப்பர் பூசிய கையுறை ஆளுக்கு ஒரு சோடி. மண்வெட்டி இரண்டு, அலவாங்கு ஒன்று, கத்தி ஒன்று, பிரஷ் நாலு, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. கடைசியாகச் சொன்னது உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும். முதலுதவிப் பெட்டி. கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடலாம், மற்றதெல்லாம் சைக்கிளில்.

பணம் சேர்த்தால் ஒரு கொப்பியில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். சேர்க்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கடற்கரையில்

ஓடிக்கொண்டே பொறுக்குவது நம் கடற்கரைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. இங்கே இருநூறு முந்நூறு மீற்றர் போவதற்குள் பை நிரம்பிவிடும். நிரம்பிய பையோடு ஓடினால் முதுகு பிடிக்கும். ஓடிப் போய், ஓர் இடத்தில் நின்று, முழுவதுமாகச் சுத்தம் செய்து, வெறுங்கையோடு ஓடித் திரும்புவதே நல்லது. ஓடி முடித்த உடனே குனியாமல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குனியும்போது முழங்காலை மடக்குங்கள், கையை மாற்றி மாற்றிப் பாவியுங்கள்.

ஓடுவதற்கு ஈர மணல்தான் உறுதி. ஆனால் கரை சரிவாக இருப்பதால் ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் மட்டும் நோகும். போன வழியே திரும்பி வந்தால் அது சரியாகிவிடும். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நின்று, அவர்கள் கைகாட்டிய பிறகு போங்கள். ஆள் குறைவாக நின்று இழுத்தால் கயிற்றில் கை கொடுத்துவிட்டுப் போகலாம், அதுவும் ஒரு வேலைதான்.

மணலில் படரும் அடம்பன் கொடியைப் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். இராவணன் மீசையும் அப்படித்தான். காற்றில் மணல் பறந்துபோகாமல் கரையைக் கட்டி வைத்திருப்பவை இவை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை, கரையில் நின்று பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். கொடிக்குள் சிக்கிய பொலித்தீனைக் கையால் மெதுவாக எடுங்கள், வாரிக் கட்டையால் இழுக்க வேண்டாம். ஆமை ஏறி இறங்கிய தடம் கண்டால் அந்த இடத்தில் தோண்டாமல் சுற்றிப் போங்கள்.

கரையொதுங்கிய பீப்பாய், பெயர் தெரியாத இரசாயனக் கலன், பற்றைக்குள் கிடக்கும் துருப்பிடித்த உலோகப் பொருள் எதையும் தொடக்கூடாது. போர் நடந்த மண் இது. தூரத்தில் நின்று அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸ் இலக்கமான 119க்கு அழையுங்கள்.

நுளம்பு ஓட்டம்

என்னைக் கேட்டால், ஓட்டக் குழு ஒன்று திருகோணமலைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். காரணம் கணக்கில் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஈடிசு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு முறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினால், பெரும்பாலும் நுளம்பு பறக்கும் முன்பே அதைப் பிடித்துவிடுகிறோம். மாதத்துக்கு ஒரு சிரமதானம் வைத்தால் அதற்குள் மூன்று தடவை நுளம்பு வளர்ந்து பறந்துவிடும். கிழமைக்கொரு முறை ஓடுகிற குழுவின் நாட்காட்டியும் நுளம்பின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி வேறெந்த வேலையும் பொருந்தாது.

2017ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியா கடுமையாக அடிபட்டது.

செய்யும் முறை இது. முதலில் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, எந்த ஒழுங்கைகளில் தேவை என்று கேளுங்கள். ஒரு காலையில் பத்து முதல் பதினைந்து வீடு போதும். இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். படலையில் நின்று கூப்பிடுங்கள். அனுமதி சொன்னால் மட்டும் உள்ளே போங்கள்.

மக்களுக்கு ஒரு பயம் உண்டு. நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, குடம்பி (நுளம்பின் புழு) கண்டால் வழக்குப் போடலாம். அதனால் கொப்பியும் பேனையுமாக யாராவது வந்தால் முகம் மாறிவிடும். "நாங்க எழுத வரேல்லை அம்மா, கொட்டிவிட வந்தனாங்கள்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். சொன்னபடியே நடங்கள்: பெயர் எழுதக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் சொல்லக்கூடாது.

எங்கே பார்ப்பது? பூச்சாடித் தட்டு, சிரட்டை, தயிர்ச் சட்டி, பழைய டயர், கூரைப் பீலி, பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, கட்டிமுடியாத வீட்டின் சீமெந்துத் தொட்டி, பாவிக்காத மலசலகூடக் குழி. ஒரு வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை. புறப்படும்போது அந்த வீட்டு அம்மம்மா, "தம்பி, குசினிக்குள்ள அலுமாரியையும் ஒருக்காப் பார்" என்றார். அலுமாரிக் கால் நாலுக்கும் எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்திருந்தார். குந்தியிருந்து டோர்ச் அடித்தால், இரண்டாவது கிண்ணத்தில் மயிர்த்துண்டு போலச் சின்னச் சின்னக் குடம்பிகள் வளைந்து வளைந்து கீழே போய் ஒளித்துக்கொண்டன. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பேத்தி போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்ததை அப்போதுதான் சொன்னார்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியாது. இந்த நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே பிரஷால் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாலு பிரஷ் எடுத்துப் போகச் சொன்னது இதற்குத்தான். எறும்புக் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ ஊற்றலாம். கொட்ட முடியாத கிணற்றுக்கும் தொட்டிக்கும் வலை மூடி, அல்லது குடம்பியைத் தின்னும் கப்பி மீன். குடம்பி கண்ட தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

ஒக்டோபர் மழைக்கு முன் தொடங்கி பெப்ரவரி வரை, அதே ஒழுங்கைக்கு ஒவ்வொரு கிழமையும் போக வேண்டும். அடுத்தடுத்துப் போகும்போது பாதி வீட்டில் அவர்களே கவிழ்த்து வைத்திருப்பார்கள், வேலை குறையும். அப்போது பக்கத்து ஒழுங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நுளம்பு காலையிலும் மாலையிலும் கடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, நுளம்பு விரட்டியும் பூசிக்கொண்டு போங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைக்கக் கேட்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுக்குப் பின் இப்படியான வேலைகளுக்குக் குறைவே இல்லை. அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காலில் புண் உள்ளவர் இறங்கவே கூடாது, மற்றவர்கள் பூட்ஸ் போட வேண்டும். குளோரின் அளவைச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லட்டும்.

பனை விதை

ஓகஸ்ட், செப்டெம்பரில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து வையுங்கள். ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் ஆளுக்கு ஐந்து கொட்டை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஓடலாம். காணி யாருடையது என்று கேட்டு அனுமதி பெற்ற இடத்தில், மூன்று மீற்றர் இடைவெளி விட்டு, ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முதல் ஓலை தலைகாட்ட மாதக்கணக்காகும், அதனால் நட்ட இடத்துக்குக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தை, மாசியில் பிள்ளைகள் கிழங்குக்காகத் தோண்டிவிடுவார்கள். கோபிக்காமல் அவர்களுக்கென்று பக்கத்தில் ஒரு பாத்தி போட்டுக் கொடுங்கள். பாத்திக் கிழங்கு அவர்களுக்கு, வரிசைப் பனை கரைக்கு.

தனியாக இருக்கும் பெரியவர்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக ஒரு பெரியவர் என்ற நிலை இங்கே பல ஒழுங்கைகளில் உண்டு. கிராம உத்தியோகத்தர் அல்லது முதியோர் சங்கம் ஊடாக மட்டும் அறிமுகமாகுங்கள். எப்போதும் இரண்டு பேராக, எப்போதும் அதே இரண்டு பேர். மின்குமிழ் மாற்றுவது, மருந்துச் சீட்டுக்கு மருந்து வாங்கி வருவது, பத்து நிமிடம் கதைப்பது. காசு கை மாறக்கூடாது, அவர் கொடுக்கும் தேத்தண்ணீரை மட்டும் வாங்கிக் குடியுங்கள். வெயில் மாதங்களில் மற்ற வேலைகள் குறையும்போது இதற்கு நேரம் கிடைக்கும்.

கொப்பியும் செய்தியும்

ஒவ்வொரு காலையும் முடிந்ததும் ஒரு கொப்பியில் நாலு வரி: திகதி, இடம், எத்தனை பேர், என்ன மீதி இருக்கிறது. படம் போட வேண்டுமென்றால் வேலையின் படத்தைப் போடுங்கள், உதவி பெற்றவரின் முகத்தைப் போட வேண்டாம். கொப்பியில் "மீதி" என்ற வரிதான் அடுத்த கிழமை வேலை. வெள்ளிக்கிழமை இரவு அதைப் பார்த்துக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். நாங்கள் அனுப்புகிற செய்தி இப்படி இருக்கும்:

"ஞாயிறு 6.15. ஏகாம்பரம் மைதான வாசல். போக 2 கி.மீ., மெதுவான வேகம், நடக்கிறவர்களும் வரலாம். போன கிழமை போன அதே ஒழுங்கை, ஏழாவது வீட்டிலிருந்து. பிரஷ் இருப்பவர்கள் கொண்டு வரவும். 7.45க்கு முடியும். மழை என்றாலும் வருவோம், இடி என்றால் இல்லை. அக்கா வீட்டில் தேத்தண்ணீர்."